நான்காவது அட்டை

ஆறு பேர் ஆடுவார்கள்; நான்கு பேரின் அடிகளைத்தான் கூட்டுவோம். இல்லினாய் மாநிலப் பள்ளிகளில் கோல்ஃப் அணிப் போட்டி இப்படித்தான் நடக்கிறது. மாலையில் ஒன்பது குழிகள் ஆடி முடித்ததும் ஆறு ஸ்கோர் அட்டைகளும் மேசைக்கு வரும். அடிகள் குறைவாக உள்ள நான்கை எடுத்துக் கூட்டுவார்கள். மற்ற இரண்டும் ஓரமாகப் போகும். எந்த அணியின் கூட்டுத்தொகை குறைவோ அந்த அணிக்கு வெற்றி. இரண்டும் சமமாக வந்துவிட்டால், எங்கள் லீக்கில், ஓரமாகப் போன அட்டைகளிலிருந்து ஐந்தாவதை எடுத்து ஒப்பிடுவோம்.

சிகாகோவின் மேற்குப் புறநகரில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். அங்கே மாணவிகளின் ஜூனியர் வர்சிட்டி கோல்ஃப் அணிக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பள்ளியின் முதல் அணிக்கு வர்சிட்டி என்று பெயர். அதற்கு அடுத்த படியில் இருப்பது எங்களுடையது. பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள். பலர் அந்தக் கோடையில்தான் முதன்முதலாக மட்டையைக் கையில் எடுத்தவர்கள். இவர்களோடு இத்தனை சீசன்கள் நடந்து திரிந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பள்ளி அணியின் தலையெழுத்தை எழுதுவது நான்காவது அட்டை. அது யாருடையதாக இருக்கும் என்பது கடைசிக் கூட்டம் ஆடி முடித்து வரும்வரை யாருக்கும் தெரியாது.

ஒரு கணக்கு பாருங்கள். எங்கள் பெண்கள் 44, 49, 53, 58 என்று கொண்டுவருகிறார்கள், மொத்தம் 204. எதிரணியில் 39, 52, 55, 59, மொத்தம் 205. அவர்களுடைய முதல் ஆட்டக்காரி எங்கள் முதல் ஆட்டக்காரியை ஐந்து அடி வித்தியாசத்தில் முந்திவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் பின்னால்தான் நடந்திருப்பார்கள். ஆனாலும் ஆட்டம் எங்களுக்கு. எங்கள் நான்காவது பெண் 58-க்குப் பதில் 60 அடித்திருந்தால் ஆட்டம் அவர்களுக்கு. 44 அடிக்கிற பெண்ணை 42-க்குக் கொண்டுவர ஒரு சீசன் முழுவதும் உழைத்தாலும் போதாது. 58 அடிக்கிற பெண்ணை 54-க்குக் கொண்டுவர மூன்று வாரம் போதும், அதுவும் அவள் மட்டை வீசும் விதத்தில் கைவைக்காமலே. பயிற்சியாளரின் நேரம் எங்கே போக வேண்டும் என்பதை இந்தக் கூட்டலே சொல்லிவிடுகிறது.

நான் ஈரோட்டுப் பக்கம் வளர்ந்தவள். கோல்ஃப் என்றால் ஊட்டியிலும் கோயம்புத்தூரிலும் கிளப் உறுப்பினர்கள் ஆடுவது என்ற அளவில்தான் தெரியும். இந்த ஊருக்கு வந்த பிறகு டவுனர்ஸ் குரோவில் உள்ள ஒன்பது குழி மைதானத்தில் ஆடக் கற்றுக்கொண்டேன். ஊர்ப் பூங்கா நிர்வாகம் நடத்தும் பொது மைதானம் அது. பணம் கட்டி யாரும் ஆடலாம். அங்கே ஆட ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான் அந்த மண்ணின் கதை தெரிந்தது. சிகாகோ கோல்ஃப் கிளப் முதலில் இருந்த இடம் அது. சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு என்பவர் 1892-ல் அங்கே ஒன்பது குழிகள் அமைத்து, அடுத்த ஆண்டே பதினெட்டாக்கினார். அமெரிக்காவின் முதல் பதினெட்டுக் குழி மைதானம். 1895-ல் கிளப் பக்கத்து வீட்டன் நகருக்குக் குடிபோய்விட்டது. அங்கே இன்றும் உறுப்பினர்கள் அழைத்தால்தான் நுழைய முடியும். பழைய இடமோ பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் இடமாகிவிட்டது. எங்கள் பள்ளியில் கோல்ஃப் பயிற்சியாளர் வேலை காலியானபோது, ஆடத் தெரிந்த ஆசிரியர்கள் யார் என்று தேடினார்கள். நான் கை தூக்கினேன்.

58 அடிக்கிற பெண்ணின் அடிகள் எங்கே போகின்றன என்று பார்க்க அவளோடு நடந்தால் போதும். குழியின் தொடக்க இடமான டீயிலிருந்து அடித்த பந்து மரங்களுக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளியில் கொடி தெரியும். கொடி தெரிந்துவிட்டால் பதினான்கு வயதுக்கு வேறு எதுவும் தெரியாது. அடிப்பாள். மரத்தில் பட்டுத் திரும்பும். மறுபடி அடிப்பாள். மூன்றாவது முறை அடிக்கும்போது கண் கலங்கியிருக்கும். நான் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், கொடிக்கு முதுகைக் காட்டி நிற்பது. ஏழாம் எண் இரும்பு மட்டையை எடு, பக்கவாட்டில் இருக்கும் ஃபேர்வேயை, அந்த வெட்டிய புல்பாதையைப் பார், பந்தை அங்கே உருட்டிவிடு. ஓர் அடி போயிற்று, அவ்வளவுதான். நான்கு அடிக்கான குழியில் ஆறோ ஏழோ எழுதலாம். இரண்டாம் அணி ஆட்டங்களில் எங்கள் லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: குழிக்கென்று வகுத்த அடிகளின் எண்ணிக்கையான பாரைப் போல இரு மடங்கு ஆனதும் பந்தை எடுத்துவிடலாம். பார் நான்கு என்றால் எட்டு, ஐந்து என்றால் பத்து. இந்த எட்டுகளை ஆறாக மாற்றுவதுதான் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எங்கள் பிழைப்பு.

அடுத்தது கிரீனை, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையைச் சுற்றியுள்ள முப்பது கெஜம். டிவியில் பார்க்கிற மாதிரி பந்தை உயரத் தூக்கிப் போட எல்லாருக்கும் ஆசை. தூக்கப் போனால் மட்டையின் விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி மறுபக்கம் ஓடிவிடும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். நான் தூக்கவே விடமாட்டேன். தரையோடு உருளட்டும். புல் குட்டையாக இருந்தால் கிரீனுக்கு வெளியிலிருந்தே, பந்தை உருட்டும் மட்டையான புட்டரை எடுக்கச் சொல்வேன். அழகில்லை என்று முகம் சுளிப்பார்கள். அட்டையில் அடிகளை எழுத மட்டும்தான் இடம் இருக்கிறது, அழகை எழுத இடமில்லை என்பேன்.

வியாழக்கிழமைப் பயிற்சிக்கு நான் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். கிரீனைச் சுற்றி ஆறு இடங்களில் பந்தை வைத்து, ஒவ்வொருத்தியும் அங்கிருந்து குழிக்குள் போடும்வரை எண்ணுவோம். போட்டியில் குறைந்த நான்கைக் கூட்டுவோம் அல்லவா, இதில் நேர்மாறு: அதிகமான நான்கைத்தான் கூட்டுவேன். நன்றாக ஆடிய இருவரின் எண் கணக்கில் சேராது. அந்தக் கூட்டுத்தொகை முந்தைய வாரத்தைவிடக் குறைந்தால் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். இதைத் தொடங்கிய சீசனில் முதல் இரண்டு பெண்களும் முணுமுணுத்தார்கள். தாங்கள் எத்தனை நன்றாக ஆடினாலும் எண் அசையாது என்றால் எதற்கு ஆடுவது என்றார்கள். பதில் நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர்களாகவே ஐந்தாவது, ஆறாவது பெண்களைத் தனியாகக் கூட்டிப்போய், பந்தை எந்தப் பாதத்துக்கு நேராக வைக்க வேண்டும், மணிக்கட்டை எப்படி இறுக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். சக மாணவி சொல்லிக்கொடுத்தால் அரைமணியில் ஏறுவது, நான் சொன்னால் ஒரு வாரம் ஆகிறது. இந்தக் கடைசி நான்கு கணக்கைவிடப் பயனுள்ள எதையும் என் பயிற்சிக் காலத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை.

ஆட்டத்தின் நுட்பங்கள் எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. எண்ணை உரக்கச் சொல்வது.

கோல்ஃபில் நடுவர் கூட வரமாட்டார். எதிரணிப் பெண் உன் அடிகளை எழுதுவாள். அவளுடையதை நீ எழுதுவாய். ஒவ்வொரு குழி முடிந்து கிரீனை விட்டு வெளியே வந்ததும் அவள் பேனாவை வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்ப்பாள். நீ சொல்ல வேண்டும். நான்கு என்று சொல்வது எளிது. எட்டு என்று, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அவளோ ஐந்து அடித்திருக்கும்போது, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வது எளிதல்ல. தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். ஏழு என்று நினைக்கிறேன் என்பார்கள். சிலருக்கு உண்மையாகவே எண்ணிக்கை மறந்திருக்கும். மரங்களுக்குள் மூன்று முறை அடித்தவளுக்கு மூன்றா நான்கா என்பது கலங்கிவிடும். ஆகவே நான் பின்னாலிருந்து எண்ணக் கற்றுக்கொடுக்கிறேன். குழியிலிருந்து டீயைப் பார்த்துத் திரும்பி நில். கடைசியாக எங்கிருந்து அடித்தாய்? அதற்கு முன்? அந்த மரத்தடியில் எத்தனை? விரலால் காட்டிக்கொண்டே வா. இடங்கள் மறக்காது, இடங்களை எண்ணினால் அடிகள் வந்துவிடும். எண் கிடைத்ததும் குரலைத் தாழ்த்தாமல் சொல். சொல்லிவிட்டு அடுத்த டீக்கு நட.

மதிப்பெண் குறைந்தால் தாளை மடித்துப் பையின் அடியில் வைக்கப் பழகிய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். நம் வீடுகளைத்தான் சொல்கிறேன். என் அணியில் தமிழ்ப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், குஜராத்திப் பெண்கள் ஆடியிருக்கிறார்கள். எட்டு என்று சொல்லும்போது அவர்கள் தொண்டை அடைப்பதை நான் கேட்டிருக்கிறேன். முதல் மாதத்தில் அடைக்கும். அக்டோபரில் அதே பெண் எட்டு என்று சொல்லிவிட்டு, எதிரணிப் பெண்ணிடம் அவளுடைய நாய்க்குட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டே நடப்பாள். அந்த மாற்றம் வந்தபிறகுதான் அவளுடைய எட்டுகள் குறையத் தொடங்கும். இதை நான் ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். மறைக்க நினைத்துக்கொண்டே ஆடுகிறவளுக்கு அடுத்த குழியில் கவனம் இருக்காது.

அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். உண்மையான எண்ணைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையெழுத்துப் போட்டால் வெளியேற்றம். கூட்டி எழுதியதில் போட்டால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்வது 1968-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் கதை. அர்ஜென்டினாவின் ரொபெர்த்தோ தெ விசென்சோவுக்குக் கடைசி நாளன்று நாற்பத்தைந்தாவது பிறந்தநாள். பதினேழாவது குழியில் மூன்றே அடி அடித்தார். அவருடைய அட்டையை எழுதிய டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். தெ விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். 65 அடித்தவருக்கு 66 நின்றது. பாப் கோல்பியோடு சமநிலையில் இருந்து மறுநாள் மோத வேண்டியவர், ஓர் அடியில் தோற்றுப்போனார். தொலைக்காட்சியில் அத்தனை பேர் அந்த மூன்றாவது அடியைப் பார்த்திருந்தும் எழுதியதுதான் நின்றது. கதையைக் கேட்டதும் பெண்கள் கோபப்படுவார்கள். ஆரன் மேல், விதியின் மேல், என் மேல். அன்று மாலை அட்டையை எழுத்தெண்ணி வாசிப்பார்கள்.

ஆட்ட நாளின் அமைப்பைச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நான்காவது அட்டையின் தவிப்பு புரியும். நான்கு நான்கு பேராக மூன்று கூட்டங்கள் புறப்படும். எங்கள் ஒன்று, இரண்டு அவர்களுடைய ஒன்று, இரண்டோடு. அடுத்து மூன்றும் நான்கும். கடைசியில் ஐந்தும் ஆறும். முதல் கூட்டம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். கடைசிக் கூட்டம் வர இன்னும் அரைமணியாவது ஆகும். முதல் நால்வரின் அட்டைகள் மேசையில் இருக்கும். கூட்டினால் ஒரு எண் வரும். ஆனால் அது முடிவல்ல. ஐந்தாவதோ ஆறாவதோ ஆடும் பெண் நான்காவது பெண்ணைவிட ஓர் அடி குறைத்து வந்தால் இவள் அட்டை உள்ளே போய் அவளுடையது வெளியே வரும். எதிரணியிலும் அப்படியே. ஆகவே எட்டுப் பெண்களும் இரண்டு பயிற்சியாளர்களும் சில பெற்றோரும் ஒன்பதாவது கிரீனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அணியிலேயே பின்வரிசையில் இருக்கும் நால்வருக்காகக் காத்திருப்போம். பள்ளி விளையாட்டுகளில் இப்படி ஒரு நேரம் வேறு எதிலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கூடைப்பந்தில் ஆட்டம் நெருக்கமாக இருந்தால் இவர்களைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள்.

அப்படி ஒரு செப்டம்பர் மாலை. ஒன்பதாவது குழி, பார் நான்கு. எங்கள் ஆறாவது பெண் டீயிலிருந்து அடித்த பந்து வலப்பக்க மரங்களுக்குள் போயிற்று. மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவள். வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே குறைவு. பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து வைத்து அடித்தாள். பந்து காணாமல் போயிருக்கலாம் என்றால் இப்படி ஒரு தற்காலிகப் பந்தை அடித்து வைத்துக்கொள்ளலாம். 'புரொவிஷனல்' என்பார்கள். ஆனால் அடிப்பதற்கு முன் அதை வாய்விட்டு அறிவித்தாக வேண்டும். அறிவிக்காமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும் பந்து. முதல் பந்து கண்ணெதிரே கிடந்தாலும் செத்த பந்து. அவள் அறிவிக்கவில்லை. தேடப் போனார்கள். தேடுவதற்கு 2019-லிருந்து மூன்று நிமிடம்தான். முன்பு ஐந்து இருந்தது. அந்த மூன்று நிமிடத்துக்குள் முதல் பந்து கிடைத்துவிட்டது. மரத்தை விட்டு விலகி, குட்டைப் புல்லில், கிரீனுக்கு நேராக.

எதிரணிப் பெண்கள் நல்ல பிள்ளைகள். பரவாயில்லை, அதையே ஆடு என்றார்கள். இவள் நின்றாள். நான் பக்கத்தில் போனதும், "கோச், நான் புரொவிஷனல்னு சொல்லலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் நால்வரும் சேர்ந்து விட்டுக்கொடுக்கவும் முடியாது. தெரிந்தே ஒரு விதியைக் கண்டுகொள்ளாமல் விட ஆட்டக்காரர்கள் ஒத்துக்கொண்டால் அதற்கும் தண்டனை வெளியேற்றம்தான். அடித்த அடி ஒன்று, தண்டனை ஒன்று, இரண்டாவது பந்தின் அடி ஒன்று: மூன்று ஏற்கெனவே ஆகிவிட்டது. அங்கிருந்து ஆடி எட்டில் முடித்தாள். கிரீனை விட்டு வெளியே வந்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி எட்டு என்றாள்.

அட்டைகளைக் கூட்டினோம். எங்களுக்கு 208. அவர்களுக்கு 208. ஐந்தாவது அட்டையை எடுத்தார்கள். எங்களுடையது அவளுடைய 59. அவர்களுடையது 58.

தோற்றோம். முதல் பந்தை ஆடியிருந்தால் ஆறில் முடித்திருப்பாள். அவள் அட்டை நான்காவதாகவே உள்ளே போயிருக்கும். இந்தக் கணக்கு பஸ்ஸில் ஏறும் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேப்டன், அவள் எங்கள் முதல் ஆட்டக்காரி, ஆறாவது பெண்ணின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பயிற்சியில் கேப்டன் எல்லாரையும் டீயில் வரிசையாக நிறுத்தி, மைதானத்தின் மறுகோடியில் புல் வெட்டுகிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் புரொவிஷனல் என்று கத்த வைத்தாள். முதலில் கத்தியவள் அந்தப் பெண்தான். அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு எங்கள் அணியில் யாரும் விழுங்கியதில்லை.

இந்தக் கூட்டல் கணக்கைப் பெற்றோரிடம் விளக்குவது வேறு வேலை. சிகாகோ புறநகரான லெமான்ட்டில் எங்கள் ராமர் கோயில் இருக்கிறது. அதே ஊரில்தான் காக் ஹில் கோல்ஃப் மைதானமும். வெஸ்டர்ன் ஓப்பன் என்ற தொழில்முறைப் போட்டி 1991 முதல் 2006 வரை நடந்த இடம், டைகர் வுட்ஸ் ஜெயித்த இடம். ஆனாலும் காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். கோயிலுக்கு வரும் நம் ஆட்கள் அந்தப் பக்கமாகத்தான் காரில் போவார்கள். மகள் ஆடத் தொடங்கும்வரை திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரிசனம் முடிந்து வரும்போது ஒரு தகப்பனார் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், ஆறு பேர்ல நாலு பேரோடதத்தான எடுக்கிறீங்க? எம்பொண்ணுது ஒருவாட்டிகூட எடுக்கலைங்கிறா. அப்ப அவ எதுக்குங்க ஆடணும்? அந்த நேரத்துல எஸ்ஏடிக்குப் படிக்கலாமில்ல?"

கேள்வியில் நியாயம் இருந்தது. நான் அவரிடம் அட்டைகளைக் காட்டினேன். என் கைபேசியில் எல்லா ஆட்டத்தின் படங்களும் இருக்கும். "அண்ணா, உங்க பொண்ணு பின்னாடி வந்துட்டு இருக்கான்னு தெரிஞ்சுதான் எங்க நாலாவது பொண்ணு மரத்துக்குள்ள இருந்து நேரா அடிக்காம பக்கத்துல உருட்டறா. இவ 60 அடிக்கிறதாலதான் அவ 58 அடிக்கிறா" என்றேன். அவர் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளின் அட்டை ஆகஸ்டில் 68-ல் தொடங்கி 60-க்கு வந்திருந்தது. அதை மகள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. கூட்டாத அட்டையை எதற்குச் சொல்வது என்று நினைத்திருக்கிறாள். அடுத்த ஆட்டத்துக்கு அவர் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்தார். கடைசிக் கூட்டத்தோடு ஒன்பது குழியும் நடந்தார். அங்கே ஒரு சிக்கல், எங்கள் லீக்கில் பெற்றோர் ஆட்டத்தின் நடுவே ஆலோசனை சொல்லக் கூடாது. "மெதுவா அடி கண்ணு" என்று தமிழில் சொன்னாலும் ஆலோசனைதான். பயிற்சியாளராகிய நானே ஒரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் இடையே நடக்கும்போது மட்டும்தான் பேசலாம். சொன்னதும் புரிந்துகொண்டார். வாயைத் திறக்காமல் நடந்தார். களத்தில் என்னைக் கோச் என்றும் கோயிலில் ஆன்ட்டி என்றும் கூப்பிடும் அந்தப் பெண், அன்று எட்டாவது டீக்கு நடக்கும்போது அப்பா வந்திருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடைதான் வேகமாக இருந்தது.

வீட்டாரே கோல்ஃபைத் திரும்பிப் பார்த்த ஓர் இரவும் உண்டு. 2021 ஆகஸ்டு. எங்கள் பயிற்சி தொடங்க ஓரிரு நாட்களே இருந்தன. டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்று சிகாகோ நேரப்படி வெள்ளிக்கிழமை இரவில் நடந்தது. பெங்களூருவின் அதிதி அசோக் உலகத் தரவரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்தவர். பையைத் தூக்கியது அவருடைய அம்மா. நீள அடியில் முன்வரிசை ஆட்டக்காரிகளுக்கு நிகராக அவரால் அடிக்க முடியவில்லை. அதைக் கிரீனில் புட்டரால் ஈடுகட்டிக்கொண்டே வந்தார். நெல்லி கோர்டா தங்கம் வாங்கினார். அதிதி நான்காவது, ஓர் அடியில் பதக்கத்துக்கான மோதலைத் தவறவிட்டார். நள்ளிரவு தாண்டியும் பெண்கள் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முறையாக அம்மாவே எழுந்து உட்கார்ந்து கோல்ஃப் பார்த்தாள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்தவர்களிடம் தூர அடியைப் பற்றி நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் நேராகப் புட்டிங் கிரீனுக்குப் போனார்கள்.

வானிலையையும் புல்லையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் இடி, கடைசி இடிச் சத்தத்திலிருந்து முப்பது நிமிடம் யாரும் களத்தில் இறங்கக் கூடாது, நடுவில் இன்னொன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து முப்பது. கோடை முடியும் தறுவாயில் கிரீன்களில் காற்றுப் போகத் துளைபோட்டு மணல் தூவுவார்கள். புல்லின் வேருக்கு அது வேண்டும், ஆனால் அந்தப் பத்து நாளும் பந்து குதித்துக் குதித்துத்தான் போகும். அக்டோபரில் சனிக்கிழமைக் காலைப் போட்டி என்றால் உறைபனி உருகும்வரை காத்திருக்க வேண்டும். உறைந்த புல்லை மிதித்தால் அதன் திசு உடைந்து, காலடித் தடம் பழுப்பாகப் பல நாள் நிற்கும். இந்தக் காத்திருப்புகளில் சீட்டு விளையாடுவார்கள், வீட்டுப்பாடம் எழுதுவார்கள், என்னைத் தமிழ்ப் பாட்டு ஏதாவது பாடிக் காட்டச் சொல்லித் தொந்தரவு செய்வார்கள்.

பெற்றோருக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் வைத்திருக்கிறேன். 1916-ல் அமெரிக்க ஓப்பனையும் அமெரிக்க அமெச்சூரையும் ஒரே ஆண்டில் ஜெயித்த சிக் எவன்ஸ், சிகாகோவில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பையைத் தூக்குபவராக இருந்து வளர்ந்தவர். அவர் பெயரில் வெஸ்டர்ன் கோல்ஃப் சங்கத்தோடு சேர்ந்து 1930-ல் தொடங்கிய உதவித்தொகை இன்றும் கேடிகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் தங்குமிடமும் கொடுக்கிறது. நல்ல மதிப்பெண், நல்ல நடத்தை, குடும்பத்தின் பணத்தேவை, பையைத் தூக்கிய அனுபவம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அணியில் இடம் கிடைக்காத பெண்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆட்டத்தை விட்டுப் போய்விட வேண்டியதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் ஆட்டத்துக்குள்தான் இருக்கிறாய். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. நன்றாக ஆடுகிறவர் மரத்தடியிலிருந்து பக்கவாட்டில் உருட்டுவதை ஒரு கோடை முழுவதும் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிடப் பெரிய பயிற்சி இல்லை.

ஆகஸ்டில் அணித் தேர்வு நடக்கும். சில நாட்கள் ஒன்பது ஒன்பது குழிகளாக ஆடவைத்து, மொத்தத்தை வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவேன். முதல் ஐந்து இடங்களுக்கு என் விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது, எண் சொல்வதுதான். ஆறாவது இடத்துக்குத்தான் யோசிப்பேன். சென்ற சீசனில் அந்த இடத்துக்கு இரண்டு பெண்கள் ஒரே மொத்தத்தில் நின்றார்கள். ஒருத்தி நீளமாக அடிப்பாள், பார்க்க அழகான வீச்சு. இன்னொருத்தி குட்டையாக, நேராக அடிப்பாள். இரண்டு பேரின் அட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் பரப்பினேன். நான் தேடியது ஒன்றே ஒன்று: எட்டு எழுதிய குழிக்கு அடுத்த குழியில் என்ன எழுதியிருக்கிறாள்? நீளமாக அடிப்பவளுக்கு எட்டுக்குப் பின் எட்டு, அதன்பின் ஒன்பது, பிறகு நான்கு, நான்கு. மற்றவளுக்கு எட்டுக்குப் பின் ஐந்து, எட்டுக்குப் பின் ஆறு. கடைசிக் கூட்டத்தில் ஆடப் போகிறவள், எல்லாரும் கிரீன் ஓரத்தில் காத்திருக்க ஒன்பதாவது குழிக்கு வரப் போகிறவள். நான் இரண்டாமவளை எடுத்தேன்.

இடம் கிடைக்காதவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இரண்டு பேரின் அட்டைகளையும் பெயரை மறைத்து அவள் முன்னால் வைத்து, எட்டுகளைத் தேடச் சொன்னேன். தேடினாள். பிறகு அவளாகவே விரலை ஒரு கட்டம் நகர்த்தினாள். வெகுநேரம் பார்த்தாள். அழுதாள். அந்த ஆண்டு எங்களோடு பயிற்சிக்கு மட்டும் வந்தாள்; வியாழக்கிழமை விளையாட்டில் ஒருநாளும் தவறவில்லை. இந்த ஆகஸ்டில் மறுபடி தேர்வுக்கு வருகிறாள். ஜூன் மாதத்திலிருந்தே தன் அட்டைகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறாள், ஒவ்வொரு எட்டுக்கும் அடுத்த எண்ணைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு. நேற்று வந்த அட்டையில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஏழு. ஏழு எப்படி வந்தது, மரத்தடியில் என்ன செய்தாய் என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.